ரைம்ஸ் போட்டால் பேச்சு வராது

"எங்க பாப்பா போன் பாத்தே ஏ, பி, சி, டி எல்லாம் சொல்லிடுவா. நாங்க ஒண்ணும் சொல்லிக் குடுக்கவே இல்ல." கல்யாணப் பந்தியிலோ, ரயில் பெட்டியிலோ, குழந்தை டாக்டரிடம் டோக்கன் வாங்கிக் காத்திருக்கும்போதோ இந்தப் பெருமையைக் கேட்காத ஆள் தமிழ்நாட்டில் இன்று இருக்க முடியாது. சொன்ன கையோடு, "ஆன்ட்டிக்கு ரைம்ஸ் சொல்லும்மா" என்பார்கள். பாப்பாவும் சொல்லும். உச்சரிப்புகூட அமெரிக்கக் குழந்தையுடையது மாதிரி இருக்கும். அதே பாப்பாவிடம் "சாப்டியா கண்ணு? யாரு ஊட்டினா?" என்று கேளுங்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இல்லையென்றால் உங்கள் கைப்பையில் போன் இருக்கிறதா என்று துழாவும்.

இந்தப் பெருமைக்குள் ஒரு நம்பிக்கை இருக்கிறது. மொழி என்பது காது வழியாக உள்ளே போகும் சரக்கு. எவ்வளவு போகிறதோ அவ்வளவு வாய் வழியாக வெளியே வரும். யார் வாயிலிருந்து போகிறது என்பது ஒரு பொருட்டே இல்லை. அம்மாவுக்கு வேலை இருக்கிறதா, போனைக் கொடு. அம்மாவுக்கு இங்கிலீஷ் வராதா, யூடியூபுக்கு நன்றாகவே வரும். பாட்டியின் பேச்சு கொச்சையா, கார்ட்டூன் சுத்தமாகப் பேசும். படித்தவர்கள் வீட்டில் இதற்கு 'எக்ஸ்போஷர்' என்று பெயர். கூலி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் பெயரெல்லாம் கிடையாது, நம்பிக்கை மட்டும் அதேதான்.

பிறந்ததிலிருந்து மூன்று வயது வரையிலான காலத்துக்கு இந்த நம்பிக்கை தவறு. பாதி சரி, பாதி தவறு என்று சமாதானம் பேசவும் இடமில்லை. குழந்தை பேசக் கற்பது, தனக்குப் பதில் சொல்லி, தங்களுக்குள்ளும் பேசிக்கொள்ளும் மனிதர்களுக்கு நடுவில்தான். (மூன்று வயதுக்கு மேல் கதை வேறு. 1969 முதல் அமெரிக்காவில் ஒளிபரப்பாகும் 'செசமி ஸ்ட்ரீட்' மாதிரியான நல்ல நிகழ்ச்சிகளிலிருந்து அந்த வயதுப் பிள்ளைகள் புதுச் சொற்களைப் பிடித்துக்கொள்கிறார்கள். அதற்குள் அவர்களுக்குப் பேச்சு வந்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.)

சியாட்டில் நகரில் பட்ரிசியா கூல் குழுவினர் செய்து 2003இல் வெளியிட்ட ஒரு சோதனையை இந்த விவாதத்தில் யாரும் தாண்டிப் போக முடியாது. ஆங்கிலம் பேசும் வீடுகளில் பிறந்த ஒன்பது மாதக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவுக்கு, சீன மாண்டரின் பேசும் பெரியவர்கள் தரையில் உட்கார்ந்து, பொம்மையையும் படப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு, நாலு வாரத்தில் பன்னிரண்டு முறை, ஒவ்வொரு முறையும் சுமார் இருபத்தைந்து நிமிடம் மாண்டரினில் பேசி விளையாடினார்கள். இன்னொரு பிரிவுக்கு அதே ஆட்கள், அதே பொம்மைகள், அதே பேச்சு தொலைக்காட்சித் திரையில். மூன்றாவது பிரிவுக்கு ஒலி மட்டும். பிறகு, மாண்டரினில் வேறுபடுகிற, ஆங்கிலக் காதுக்குப் பிடிபடாத இரண்டு ஒலிகளைப் பிரித்தறிகிறார்களா என்று பார்த்தார்கள். வெளிமாநிலத்தவர் காதுக்கு நம் லகரமும் ளகரமும் ஒன்றாகத்தானே கேட்கின்றன, அது மாதிரியான ஒலிகள். ஆளோடு விளையாடிய குழந்தைகள் தைவானில் பிறந்து வளரும் குழந்தைகளுக்குச் சமமாகப் பிரித்தறிந்தன. திரையில் பார்த்தவையும் ஒலியை மட்டும் கேட்டவையும் மாண்டரினையே கேட்டிராத குழந்தைகளைவிட ஒரு படிகூட மேலே இல்லை. காதில் போனது அதே மொழி, அதே அளவு. ஒட்டியது பூஜ்யம்.

அது அந்நிய மொழி, அதுதான் ஒட்டவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். சொந்த மொழியிலும் பார்த்தாயிற்று. 2010இல் ஜூடி டிலோச்சும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், ஒன்று முதல் ஒன்றரை வயது வரையுள்ள அமெரிக்கக் குழந்தைகளுக்கு, சொல் கற்றுத் தருவதாக விற்கப்பட்ட ஒரு டிவிடியை வீட்டிலேயே நாலு வாரம் போட்டுக் காட்டச் சொன்னார்கள். வேறு சில பெற்றோரிடம் டிவிடியைத் தரவில்லை. அதிலுள்ள சொற்பட்டியலை மட்டும் கொடுத்து, "இதையெல்லாம் உங்களுக்குத் தோன்றுகிறபடி குழந்தைக்குச் சொல்லிக்கொடுங்கள்" என்றார்கள். டிவிடி பார்த்த குழந்தைகள், எதையும் பார்க்காத குழந்தைகளைவிடக் கூடுதலாக ஒன்றும் கற்கவில்லை. சும்மா பட்டியலை வாங்கிக்கொண்டு போனவர்களின் பிள்ளைகள்தான் அதிகம் கற்றன. இதைவிடச் சுவையான முடிவு ஒன்றும் அதே ஆய்வில் இருக்கிறது. எந்தப் பெற்றோருக்கு அந்த டிவிடி பிடித்துப்போயிற்றோ, அவர்கள்தான் தங்கள் குழந்தை அதிலிருந்து நிறையக் கற்றுவிட்டதாக நம்பினார்கள். கல்யாணப் பந்தியில் நாம் கேட்கும் பெருமைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இப்படி விற்ற டிவிடிகளில் பெரும் புகழ் பெற்றது 'பேபி ஐன்ஸ்டைன்'. டிஸ்னி நிறுவனம் அதை வாங்கி நடத்திக்கொண்டிருந்தது. குழந்தைகள் நலனுக்காகப் போராடும் ஓர் அமைப்பு விடாமல் நெருக்க, 2009இல் டிவிடியைத் திருப்பித் தருவோருக்குப் பணத்தைத் தர டிஸ்னி முன்வந்தது. நம் பிள்ளைகள் பார்ப்பது இலவசக் காணொளி. திருப்பிக் கேட்கவும் வழியில்லை. இந்த ரைம்ஸ் தொழிலின் பெரிய பட்டறைகளில் ஒன்று நம் சென்னையிலேயே இருக்கிறது. 2013இல் தொடங்கிய சூச்சூ டிவியின் பாட்டுகளை உலகம் பூராவும் குழந்தைகள் பார்க்கின்றன. அவர்கள் தொழில் தெரிந்தவர்கள். என் சண்டை அவர்களோடு இல்லை. பாட்டைப் பாட்டாக விடாமல், பேச்சுக்கு வாத்தியாராக்கி உட்கார வைப்பவர்கள் நாம்.

சோதனைக்கூடத்தை விடுங்கள், வாழ்க்கையே நடத்திக் காட்டிய சோதனைகள் இரண்டு இருக்கின்றன. 1981இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர் எழுதிய கட்டுரையில் ஜிம் என்ற பெயரில் ஒரு சிறுவன் வருகிறான். அப்பா, அம்மா இருவருக்குமே காது கேட்காது. ஜிம்முக்குக் கேட்கும். பெற்றோர் அவனோடு சைகை மொழியிலும் பேசவில்லை. அவனுக்கு ஆங்கிலம் கிடைத்தது பெரும்பாலும் வீட்டிலிருந்த தொலைக்காட்சியிலிருந்து. நாள்தோறும் காதில் விழுந்துகொண்டே இருந்தது. நம்மூர்க் கணக்குப்படி 'எக்ஸ்போஷர்' ஏராளம். மூன்றே முக்கால் வயதில் பார்த்தபோது அவன் பேச்சு வயதுக்கு வெகுவாகப் பின்தங்கியிருந்தது. சொற்களை அடுக்கிய முறையும் வேறெந்தக் குழந்தையும் பேசாத விதமாக இருந்தது. பிறகு ஒருவர் வந்து அவனோடு உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். நாலு வயது இரண்டு மாதம் ஆவதற்குள் அந்தக் கோணல்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. அவனுடைய தம்பிக்கு அந்தச் சிக்கலே வரவில்லை. தம்பி பிறந்த வீடும் அதே வீடுதான், தொலைக்காட்சியும் அதேதான். ஆனால் அவனோடு பேச ஓர் அண்ணன் இருந்தான்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் நடந்தது நிகரகுவாவில். காது கேளாத பிள்ளைகள் அதுவரை அங்கே தனித்தனி வீடுகளில், சமூகமே இல்லாமல் முடங்கிக் கிடந்தார்கள். 1970களின் கடைசியில் தலைநகர் மனாகுவாவில் அவர்களுக்குப் பள்ளி வந்தது. ஆசிரியர்கள் உதட்டசைவைப் பார்த்து ஸ்பானிஷ் புரிந்துகொள்ளக் கற்றுக்கொடுத்தார்கள். அது பிள்ளைகளுக்கு ஏறவில்லை. விளையாட்டு மைதானத்திலும் பள்ளிப் பேருந்திலும் பிள்ளைகள், வீட்டிலிருந்து கொண்டுவந்த கைச்சாடைகளை ஒருவருக்கொருவர் வீசிக்கொண்டார்கள். பின்னால் வந்து சேர்ந்த சின்னப் பிள்ளைகள் கையில் அந்தச் சாடைகளுக்கு இலக்கணம் முளைத்தது. 1986இல் மொழியியலாளர் ஜூடி கெக்ல் போய்ப் பார்த்தபோது, உலகத்தில் அதற்கு முன் இல்லாத ஒரு சைகை மொழி அங்கே உருவாகிக்கொண்டிருந்தது. உள்ளே போன மொழி ஒன்றுமே இல்லை. கூடப் பேச ஆள் இருந்தார்கள், மொழி வந்துவிட்டது. ஜிம்முக்கு மொழி கொட்டிக் கிடந்தது, கூடப் பேச ஆள் இல்லை. சரக்குக் கொள்கைக்காரர்கள் இந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரு விளக்கம் சொல்லட்டும்.

ஆள் இருந்தால் என்ன நடக்கிறது? ஏன் திரையால் அது முடியவில்லை? மைக்கேல் கோல்ட்ஸ்டீன் 2003இல் வெளியிட்ட சோதனை ஒன்று மிக எளிமையானது. எட்டு மாதக் குழந்தைகள் தரையில் விளையாடிக்கொண்டிருக்க, அம்மாக்கள் காதில் ஹெட்போன். குழந்தை மழலையாக ஒலி எழுப்பியவுடன் சிரிக்கவும், கிட்டப் போகவும், தொடவும் ஒரு பாதி அம்மாக்களுக்குச் சொன்னார்கள். மறுபாதிக்கும் அதே அளவு சிரிப்பு, அதே அளவு தொடுகை, ஆனால் குழந்தையின் ஒலியோடு சம்பந்தமில்லாத நேரங்களில். முதல் பாதிக் குழந்தைகளின் மழலை சில நிமிடங்களிலேயே தெளிவான அசைகளை நோக்கி நகர்ந்தது. மறுபாதியில் எந்த மாற்றமும் இல்லை. அன்பின் அளவு ஒன்றுதான். நேரம் தப்பியது, பலன் போய்விட்டது.

நம் வீடுகளில் பருப்புக் கடைந்து விளையாடுகிறோமே, அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். பாட்டி குழந்தையின் உள்ளங்கையை விரித்து, தன் முழங்கையை அதில் வைத்துக் கடைகிறாள். ஒவ்வொரு விரலாக மடக்கி, அம்மாவுக்கு, அப்பாவுக்கு என்று சோறு பங்கிடுகிறாள். அப்புறம் இரண்டு விரல் நண்டாகிக் கை மேல் ஏறுகிறது. முழங்கையைத் தாண்டியதும் பாட்டி நிறுத்துகிறாள். குழந்தை அவள் முகத்தைப் பார்க்கிறது. தோளைக் குறுக்கிக்கொள்கிறது. சிரிப்பு வரப்போகிறது. அது வந்த பிறகுதான் நண்டு அக்குளுக்குப் போகும். நாலாவது தடவை பாட்டி நிறுத்தியதும் குழந்தையே ஒரு சத்தம் கொடுக்கும், 'ஏறு' என்று அர்த்தம். பேச்சில் முறை மாற்றிக்கொள்வது, அடுத்தவர் என்ன செய்யப்போகிறார் என்று ஊகிப்பது, சத்தத்தால் ஒரு ஆளை நகர்த்துவது எல்லாம் அந்த நிறுத்தத்துக்குள் இருக்கின்றன. காணொளியிலும் நண்டு ஏறும். அது குழந்தை சிரித்தாலும் ஏறும், தூங்கினாலும் ஏறும்.

"அப்போ வீடியோ கால்?" என்று சிலர் மடக்குவார்கள். நல்ல கேள்வி. அது என் கட்சிக்கே சாட்சி. 2014இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைகளுக்கு மூன்று விதமாகப் புது வினைச்சொற்களைக் கற்றுக்கொடுத்தார்கள்: நேரில், ஸ்கைப் அழைப்பில், இன்னொரு குழந்தையோடு நடந்த அழைப்பின் பதிவில். நேரிலும் ஸ்கைப்பிலும் கற்றார்கள். பதிவில் கற்கவில்லை. கண்ணாடித் திரை குற்றவாளி இல்லை. திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் இந்தக் குழந்தைக்குப் பதில் சொல்கிறாரா என்பதே கேள்வி. துபாயிலிருந்து வெள்ளிக்கிழமை கூப்பிட்டு, "பல்லு எத்தனை மொளைச்சிருக்கு, காட்டு" என்று கேட்கும் அப்பா குழந்தைக்கு மொழி தருகிறார். பக்கத்திலேயே சோபாவில் உட்கார்ந்து ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கும் அப்பா தருவதில்லை. 2017இல் அமெரிக்காவில், அம்மாக்கள் இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரு புதுச் சொல்லைக் கற்றுக்கொடுக்கும்போது நடுவில் போன் அடிக்க வைத்துப் பார்த்தார்கள். போன் குறுக்கிட்ட சொல்லைக் குழந்தைகள் கற்கவில்லை. குழந்தை கையில் இருக்கும் போனைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். நம் கையில் இருப்பதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

இதே சரக்குக் கொள்கைக்கு மெத்தப் படித்த வடிவம் ஒன்றும் உண்டு. 1995இல் ஹார்ட், ரிஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் கன்சாஸ் நகரத்தில் 42 குடும்பங்களைப் பார்த்துவிட்டு, நாலு வயதுக்குள் ஏழைக் குழந்தைகள் வசதியான வீட்டுக் குழந்தைகளைவிட மூன்று கோடிச் சொற்கள் குறைவாகக் கேட்கின்றன என்று கணக்குப் போட்டார்கள். அந்த எண் உலகம் சுற்றியது. ஏழை அம்மாக்கள் பிள்ளைகளோடு பேசுவதில்லை என்ற பழியும் கூடவே சுற்றியது. 42 குடும்பங்களில் மிக ஏழ்மையானவை ஆறே ஆறு என்பதை யாரும் பெரிதாகச் சொல்லவில்லை. 2018இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. குழு ஒன்று நாலு முதல் ஆறு வயதுக் குழந்தைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்து, மூளை இயக்கத்தோடு ஒப்பிட்டது. பெரியவர்கள் மொத்தம் எத்தனை சொல் பேசினார்கள் என்பதைவிட, குழந்தையும் பெரியவரும் எத்தனை முறை மாறி மாறிப் பேசிக்கொண்டார்கள் என்பதுதான் கணக்கில் நின்றது. குடும்ப வருமானத்தைக் கழித்துப் பார்த்தபோதும் அது மாறவில்லை.

நம் ஊரில் ஏழை அம்மாவின் வாயை அடைப்பதற்குக் கன்சாஸ் ஆராய்ச்சி தேவைப்படவில்லை. எல்.கே.ஜி. சேர்க்கைக்குப் போனால் போதும். "வீட்ல இங்கிலீஷ்லயே பேசுங்க மேடம்" என்பார்கள். பத்தாவது வரை படித்து, பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற அம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறாள். அதற்கு முந்தின நாள் வரை அவள் வீட்டில் நடந்த பேச்சு இது. குழந்தை தரையில் எறும்பைக் காட்டுகிறது. "ஆமாண்டி, எறும்பு! வரிசையா எங்க போவுது பாரு. சீனி டப்பாவத் தொறந்து வச்சது யாரு? நீதானே? இல்லியா? அப்ப வாயில என்ன ஒட்டியிருக்கு?" இதில் கேள்வி இருக்கிறது, குற்றச்சாட்டு இருக்கிறது, பொய்க் கோபம் இருக்கிறது, குழந்தை 'இல்ல' என்று தலையாட்டிப் புளுகுவதற்கும் இடம் இருக்கிறது. மறுநாள் குழந்தை அதே எறும்பைக் காட்டுகிறது. "ஆன்ட். சே ஆன்ட்." பேச்சு முடிந்தது. அதற்கப்புறம் 'கம்', 'ஈட்', 'நோ', 'வாட் கலர்?' அவ்வளவுதான் கையிருப்பு. தன் மொழியில் வக்கீலாக வாதாடுகிற ஒரு பெண்ணைத் தன் பிள்ளையிடமே கட்டளை மட்டும் போடுகிறவளாக அந்த ஒரு வாக்கியம் மாற்றிவிடுகிறது. இந்த அறிவுரையைக் கொடுக்கும் பள்ளிகள் பிள்ளைகளுக்குச் செய்வது தீங்கு.

இரண்டு மொழி கேட்டால் குழந்தை குழம்பிவிடும் என்ற பேச்சையும் இதோடு மூட்டை கட்டலாம். ஓசூர் பக்கம் போய்ப் பாருங்கள். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், கடைத்தெருவில் கன்னடம் என்று பிள்ளைகள் புழங்குகின்றன. ஒவ்வொரு மொழியிலும் அவர்களோடு பேச ஆள் இருக்கிறது.

என் பக்கத்து வாதத்திலும் அளவு மீறுகிறவர்கள் இருக்கிறார்கள். 'விர்ச்சுவல் ஆட்டிசம்' என்று ஒரு பெயரைச் சூட்டி, போன் கொடுத்ததால்தான் உங்கள் குழந்தைக்கு ஆட்டிசம் வந்தது என்று ரீல்ஸில் மிரட்டுகிறார்கள். மருத்துவம் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியல் எதிலும் அப்படி ஒரு நோய் இல்லை. ஆட்டிசம் பிறவியிலேயே மூளை வளர்ச்சியோடு வருவது. ஏற்கெனவே நொந்துபோயிருக்கும் அம்மாவின் தலையில் இந்தப் பழியையும் ஏற்றுவது அயோக்கியத்தனம்.

மானிடவியல் படித்தவர்கள் வேறொரு இடத்தில் மடக்குவார்கள். பாப்புவா நியூகினியின் கலுலி மக்களிடையே, பேச்சு வராத குழந்தையோடு பெரியவர்கள் நம்மைப் போல் கொஞ்சிப் பேசுவதில்லை. மெக்சிகோவின் செல்டால் மாயா கிராமங்களில் குழந்தையைப் பார்த்துப் பேசுவது மணிக்குச் சில நிமிடங்களே. ஆனாலும் அந்தக் குழந்தைகள் உரிய வயதில் பேசிவிடுகின்றன. உண்மைதான். ஆனால் கலுலி அம்மா கைக்குழந்தையை வெளிப்பக்கம் பார்க்கப் பிடித்துக்கொண்டு, குழந்தையின் சார்பில் கீச்சுக் குரலில் மற்றவர்களோடு பேசுகிறாள். குழந்தை நாள் பூராவும் பேசுகிறவர்களின் முகங்களுக்கு நடுவில் இருக்கிறது. செல்டால் குழந்தை அம்மாவின் முதுகில் தொங்கியபடி வீட்டு வேலை, வயல் வேலை, வம்பு எல்லாவற்றையும் பார்க்கிறது. இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, அம்மா ஒருத்தியே மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்பது கட்டாயமில்லை என்ற செய்தி. கூட்டுப் பேச்சு நடக்கும் இடத்தில் குழந்தை இருந்தால் போதும். திரை முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அந்தக் கூட்டம் கிடையாது.

"நேரம் எங்கே சார் இருக்கு?" என்ற கேள்வியின் மேல் மட்டும் எனக்குக் கோபம் இல்லை. இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில், பாட்டி ஊரில் இருக்க, குக்கர் விசிலடிக்கும் இருபது நிமிடத்துக்குப் போனைக் கொடுக்கிற அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இருபது நிமிடத்தைக் கல்வி என்று அவளுக்கு விற்கிறவர்களைச் சொல்வேன். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும் என்று மகப்பேறு பலன் சட்டத்தில் 2017இல் திருத்தம் கொண்டுவந்தார்கள். நீங்கள் வேலை பார்க்கும் இடத்தில் அது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. பிள்ளைகள் ஒருவரோடொருவர் சண்டை போட்டு, சமாதானமாகி, பேசிப் பழக அதைவிட நல்ல இடம் ஏழை வீட்டுக்குக் கிடையாது. அங்கே இருக்கும் பணியாளரோ எடை, உயரம், சத்துமாவு என்று எல்லாவற்றையும் போஷன் டிராக்கர் செயலியில் ஏற்றக் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிள்ளைகளோடு பேசுவதற்கு வைத்த ஆளை நாமே திரைக்கு முன் உட்கார வைத்திருக்கிறோம். அந்தப் பதிவு வேலையைக் குறையுங்கள் என்று பெற்றோர்கள் கேட்க வேண்டும்.

கடைசியாக, குழந்தை பேசவில்லையே என்று கவலைப்படும் வீட்டுக்கு ஒரு வார்த்தை. "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசுனாரு" என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்கூட வரவில்லை, இரண்டு வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லவில்லை என்றால் முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதியுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அதற்குக் காசு கிடையாது. பிறவியிலேயே கேட்காத குழந்தைக்கு, ஆறு வயதுக்குள் என்றால், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். கருவியால் சத்தம் வரும், பேச்சு வராது. அறுவை முடிந்த பிறகு மாதக்கணக்கில் குழந்தையோடு உட்கார்ந்து பேசிப் பேசிப் பழக்க வேண்டும். அந்தப் பயிற்சிக்குக் குழந்தையோடு அம்மாவோ அப்பாவோ போயாக வேண்டும்.